மலைக்கு ஏற்ற மிதிவண்டி
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மனிதன் கண்டுபிடித்த பொறிகளுள் ஏழைக்கு உற்ற தோழனாக விளங்குவது எது என்று என்னைக் கேட்டால், மிதிவண்டி என்றே சொல்வேன். அது பெட்ரோல் கேட்பதில்லை; உரிமம் கேட்பதில்லை; மூன்று மாதம் மூலையில் நிறுத்தி வைத்தாலும் கோபித்துக் கொள்வதில்லை. என் தந்தையார் இருபது ஆண்டுகள் மிதிவண்டியில் துணி மூட்டை கட்டி, மலையடிவாரச் சந்தைகளுக்குச் சென்று விற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். அந்த வாசல்வரை என்னைக் கொண்டு வந்து சேர்த்தது அந்த வண்டியின் கேரியர்தான் என்றால் அது மிகையாகாது.

ஆனால் இந்தத் தோழன் சமவெளியில் மட்டுமே தோழன். மலையடிவாரம் வந்ததும் அவன் பாரமாகி விடுகிறான். என் தந்தையாரும் அடிவாரத்தோடு திரும்பி விடுவார். மேலே உள்ளவர்கள்தாம் இறங்கி வந்து துணி வாங்க வேண்டும்.

மலைக்கென்றே ஒரு மிதிவண்டி உலகில் இல்லாமல் இல்லை. ‘மௌண்டன் பைக்’ என்று பெயர். தடித்த டயர், பல கியர்கள், வலுவான பிரேக். நம் நகரத்துக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கிறது. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் தார்ச்சாலையில், காலை நேரத்தில், உடல் இளைப்பதற்காக ஓட்டுகிறார். மலையில் குடியிருப்பவரோ சமவெளிக்கென்று செய்த வண்டியைத் தள்ளிக் கொண்டு மேடேறுகிறார். இந்த வேடிக்கையைப் பற்றித்தான் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

மலை மிதிவண்டி பிறந்த கதையை அறிந்தால் இந்த வேடிக்கை இன்னும் பெரிதாகத் தெரியும். அது ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை; பெரிய தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாரின் என்ற பகுதியில், 1970-களில், சில இளைஞர்கள் பழைய சாமான்களுக்கிடையே கிடந்த வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவை 1930-களிலும் 1940-களிலும் ஷ்வின் போன்ற நிறுவனங்கள் செய்த கனத்த இரும்பு வண்டிகள். 26 அங்குலச் சக்கரமும் உப்பிய டயரும் கொண்டவை. ஒரு காலத்தில் செய்தித்தாள் போடும் சிறுவர்கள் ஓட்டியவை. அவற்றின் மட்கார்டையும் வேண்டாத தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, காட்டுத்தீயை அணைக்க வெட்டிய மண்பாதைகளில் அந்த இளைஞர்கள் உருட்டி விளையாடினார்கள். மாரின் செல்வம் கொழிக்கும் பகுதிதான். அவர்களை வறியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் ஏறிய வண்டி வறிய வண்டி.

1976 ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் இந்தக் கதையில் முக்கியமானது. அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மலைச்சரிவில் முதல் பந்தயம் நடந்தது. சுமார் இரண்டு மைல் பாதை. அதற்குள் 1300 அடி இறக்கம். அந்தப் பழைய வண்டிகளில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் அந்த அச்சிலுள்ள கிரீஸ் காய்ந்து புகையாகப் போய்விடும். மறுபடியும் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். ‘மறுபடி அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற சொல்லே அந்தப் பந்தயத்துக்கும் பாதைக்கும் பெயராக நிலைத்து விட்டது!

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். 1300 அடி என்பது ஏறத்தாழ 400 மீட்டர். நிறையையும், புவியீர்ப்பு முடுக்கத்தையும், உயரத்தையும் பெருக்கினால் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ஜூலுக்கு மேல் வருகிறது. வேகமானவர்கள் அந்த இறக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தார்கள். அப்படியானால் வினாடிக்கு ஆயிரம் ஜூலுக்கு மேல். அதாவது, ஓர் இஸ்திரிப் பெட்டி எரிகிற அளவு. காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக் கொண்டாலும், மிச்சமெல்லாம் கைப்பிடி அளவுள்ள ஓர் அச்சுக்குள் அடைபட வேண்டும். கிரீஸ் புகையாமல் என்ன செய்யும்?

அதே 1976 செப்டம்பரில், கொலராடோ மாநிலத்தில் வேறொரு கூட்டம். கிரெஸ்டட் ப்யூட் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்த பதினைந்து பேர் அளவில் இதே போன்ற ஓட்டை வண்டிகளில் புறப்பட்டு, 12,700 அடி உயரமுள்ள பேர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பென் நகருக்குச் சென்றார்கள். இரண்டு நாட்கள் ஆயின. ஆஸ்பெனிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிலர் அந்தக் கணவாயைத் தாண்டி வந்து பெருமையடித்துக் கொண்டார்களாம்; அதற்கு மறுமொழியாகத்தான் இந்தப் பயணம் என்று சொல்வார்கள். மோட்டாருக்கு மிதியால் மறுமொழி! எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். பழைய வண்டிகள் உடைந்து கொண்டே இருந்ததால் ஜோ ப்ரீஸ் என்பவர் 1977 இல் மலைப்பாதைக்கென்றே ஒரு சட்டத்தைத் தம் கையால் செய்தார். கேரி ஃபிஷர் பழைய வண்டியில் கியரும் நல்ல பிரேக்கும் பொருத்தினார். சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோருடன் சேர்ந்து 1979 இல் விற்கவும் தொடங்கினார். 1981 இல் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்யத் தொடங்கின. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி ஓட்டம் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. இருபதே ஆண்டுகளில் குப்பையிலிருந்து ஒலிம்பிக் வரை! கூடவே விலையும் மலையேறிவிட்டது.

இதற்கும் முன்னோடிகள் உண்டு; அவர்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1897 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையின் 25-வது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பின வீரர்கள், வெள்ளை அதிகாரி ஒருவரின் தலைமையில், மொன்டானாவின் மிசௌலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறத்தாழ 1900 மைல் தூரத்தை மிதிவண்டியிலேயே கடந்தார்கள். மலை, சேறு, மணல் என்று நாற்பத்தொரு நாட்கள். கியர் கிடையாது, முதுகிலும் வண்டியிலும் துப்பாக்கியும் கூடாரமும் உணவும். அது அவர்களுக்கு விளையாட்டன்று, இட்ட பணி. கரடுமுரடான பாதையில் சுமையோடு மிதிவண்டி ஓட்டுவதை முதலில் செய்து காட்டியவர்கள் உழைப்பாளிகளே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, கொலராடோவிலும் கலிபோர்னியாவிலும் நடந்ததைப் படித்தது போதும், நம் மலையில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று நாங்கள் நால்வர் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். எங்களில் இருவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த வகுப்புத் தோழர்கள். அவர்களிடம் மேல்நிலைப் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டிகள் இருந்தன. எனக்கு அப்பாவின் 28 அங்குல வண்டி. நான்காம் நண்பர் தம் அண்ணனிடம் ஒரு கியர் வண்டியை இரவல் வாங்கி வந்திருந்தார். காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அடிவாரத்து வண்டிகள் இரண்டையும் தெரிந்தவரின் சரக்கு வண்டியில் முதல் நாளே ஏற்றிச் சென்று விட்டோம். எங்கள் நோக்கம் தார்ச்சாலையன்று. சாலைக்கு அப்பால், ஊருக்கும் ஊருக்கும் இடையே மக்கள் காலால் தேய்த்துப் போட்ட பாதைகள்தாம்.

அது ஐப்பசி மாதம். மேலை நாட்டார் அந்தக் காலத்தை இலையுதிர் காலம் என்கிறார்கள். கொலராடோ மலையில் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகுமாம். நமக்கு அது கூதிர் காலம். இலை உதிர்வதில்லை, மழைதான் உதிர்கிறது. விடியற்காலை ஆறு மணிக்குச் செம்மேட்டிலிருந்து கிளம்பியபோது பத்தடிக்கு முன்னால் போகிறவர் தெரியவில்லை. மணியடித்துக் கொண்டே போனோம்.

முதல் ஒரு மணி நேரம் இன்பம். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி. ஓரிடத்தில் சாமை அறுத்துக் கட்டுக் கட்டாக நிறுத்தியிருந்தார்கள். பிறகு பாதை ஓர் ஓடையை நோக்கி இறங்கிற்று. இறக்கம் முடிந்ததும் ஏற்றம். அதன்பின் அன்று முழுவதும் இதே கதைதான். கொல்லிமலையின் மேற்பரப்பு ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று புத்தகத்தில் படிக்கிறோம். அதைக் கேட்டால் மேலே போய்விட்டால் மேசைபோலத் தட்டையாக இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை என்பதை என் முழங்கால்களே சாட்சி சொல்லும்.

ஏற்றத்தில் எங்கள் மூவருக்கும் ஒரே வழி, இறங்கித் தள்ளுவது. கியர் வண்டி நண்பர் மட்டும் உட்கார்ந்தபடியே, கால்களை வேகமாகச் சுழற்றிக் கொண்டு, நடை வேகத்தில் ஏறிப் போய்க் கொண்டிருந்தார். அவர் எங்களைவிடப் பலசாலி அல்லர். விடுதியில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறவர். பாறைகள் நிறைந்த ஓரிடத்தில் மலையூர் நண்பர் ஒருவர் வண்டியைத் தோளில் தூக்கிக் கொண்டே ஏறினார். வழியில் விறகுச் சுமையோடு வந்த பாட்டி ஒருவர் நின்று பார்த்து, “ஏன் சாமி, வண்டி உங்களச் சுமக்குதா, நீங்க வண்டியச் சுமக்கறீங்களா?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே தெரிந்து கொள்ளத்தான் கேட்டார்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்றால் சமவெளிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். மழையில் ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்குகிறது. பிரேக் பிடித்தும் பிடிக்காத நிலை. மலையூர் நண்பர் இதற்கொரு வழி வைத்திருந்தார். கீழே கிடந்த தழையோடு கூடிய ஒரு கிளையைக் கயிற்றால் கேரியரில் கட்டி, மண்ணில் இழுத்தபடி இறங்கினார். ஆல்ப்ஸ் மலையில் பழைய காலத்து மிதிவண்டிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. தேவை ஏற்பட்டால் ஆல்ப்ஸ் என்ன, கொல்லிமலை என்ன, மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது! மாரின் இளைஞர்கள் கிரீஸ் அடைத்த கதையை அவரிடம் சொன்னேன். “அவங்களுக்குப் பந்தயம், எங்களுக்குப் பள்ளிக்கூடம்” என்றார்.

நண்பகலில் ஒரு சிற்றூரில் தண்ணீர் கேட்டு நின்றோம். அந்த வீட்டுத் திண்ணை ஓரத்தில் ஒரு விலையில்லா மிதிவண்டி சாய்ந்திருந்தது. டயர் இரண்டும் காற்றிறங்கிக் கிடந்தன; கைப்பிடியில் துணி உலர்ந்து கொண்டிருந்தது. வண்டிக்கு உரியவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பள்ளிக்குப் போக ஒன்றரை மணி நேரம் நடக்கிறாராம். “வண்டி இருக்கிறதே அம்மா, ஏன் ஓட்டுவதில்லை?” என்று நண்பர் கேட்டார். “போகும்போது தள்ளணும்ணா, வரும்போது பயமா இருக்கும்ணா” என்றார் அந்தப் பெண். அவர் தாயார் எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். மாலை ஆறு மணிக்குச் செம்மேடு திரும்பியபோது முப்பது கிலோமீட்டர் போயிருப்போம். அதில் பாதி தூரம் வண்டி எங்களோடு நடந்துதான் வந்தது.

அந்த மாணவி சொன்ன இரண்டு சொற்களில் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது: போகும்போது தள்ளல், வரும்போது பயம். ஒன்று கியர், மற்றொன்று பிரேக்.

முதலில் கியர். என் தந்தையாரின் வண்டியில் முன்சக்கரப் பல் 44, பின்சக்கர ஃப்ரீவீல் பல் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் முன்னே போகும். சமவெளியில் இது சிறப்பு. ஏற்றத்திலோ, ஒரே மிதியில் ஐந்தரை மீட்டர் பாதைக்குரிய பாரத்தைத் தூக்கியாக வேண்டும். நெம்புகோல் தத்துவம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை வண்டியின் மிகச் சிறிய கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் போனால் அதிகம். வேலையின் மொத்த அளவு மாறுவதில்லை. அதைச் சிறு சிறு கவளமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவு செய்வதும் அதையேதான். சாலை போடும் பொறியாளர் மோட்டார் வண்டிக்குச் சரிவைச் சிறு கவளமாக்கித் தருகிறார். மலைப் பிள்ளையின் மிதிவண்டிக்கு அந்தச் சலுகையைச் செய்ய யாரும் நினைக்கவில்லை.

அடுத்தது பிரேக். 80 கிலோ பாரத்தை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து மெல்ல இறக்கினால் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் விரலளவு ரப்பர் கட்டைகள் நான்கு தாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் பயம் கோழைத்தனமா? அது சரியான கணக்கு.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. மலைக்குப் பேருந்து விட்டால் போதாதா என்பார்கள். விடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பேருந்து சாலையில் ஓடும். அந்த மாணவியின் வீடு பாதையில் இருக்கிறது. மிதிவண்டி போனால் காட்டுப் பாதை கெடும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இது எளிதில் தள்ளிவிடத்தக்க கருத்தன்று. அமெரிக்காவில் 1964 இல் இயற்றிய காட்டுப்பகுதிச் சட்டம், காப்பாற்ற வேண்டிய இயற்கைப் பகுதிகளில் பொறிவழிப் போக்குவரத்து கூடாது என்றது. 1984 இல் வனத்துறையின் விதி மிதிவண்டியையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. இன்றும் அங்கே அதைப் பற்றி வாதம் ஓயவில்லை. விளையாட்டுக்காகக் காட்டின் நடுவே புதுப்பாதை வெட்டுவதை நானும் எதிர்க்கிறேன். வார இறுதியில் நகரத்திலிருந்து வருகிறவர் சறுக்கி விளையாட வனவிலங்கு ஒதுங்க வேண்டுமா? ஆனால் நான் பேசுவது ஊருக்கும் பள்ளிக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த பாதை. மழைக்குப் பின் அதில் கல் அடுக்கிச் சீர் செய்கிறவர்களும் அந்த ஊரார்தாம். அவர்கள் வீட்டுப் பிள்ளை அதில் வண்டி ஓட்டக் கூடாது என்றால் அது நியாயமாகாது.

மூன்றாவது மறுப்பு பணம். கியர் வண்டி விலை அதிகம் என்பார்கள். உண்மை. ஆனால் வீட்டுத் திண்ணையில் துணி உலர்த்தும் வண்டி மலிவா? ஓடாத வண்டிக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் வீண் என்பதே என் கருத்து. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றுக் கொண்டார்கள். எழுத்தும் சக்கரமும் சேர்ந்து அவர்களை வெளியே கொண்டு வந்தன. சமவெளிப் பெண்ணுக்குக் கிடைத்த அந்தச் சிறகு மலைப் பெண்ணுக்கும் வேண்டும் என்று நினைத்தால், அந்த மலையின் சரிவை அளந்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொல்லிமலைக்கும், ஏற்காட்டுக்கும், சவ்வாதுமலைக்கும், நீலகிரிக்கும் காவிரிக்கரை வண்டி சரிப்படாது. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கென்று தனியாகக் கியரும், அகன்ற டயரும், மழையிலும் பிடிக்கும் பிரேக்கும் கொண்ட வண்டியை அரசு வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு மலைப்பள்ளியிலும் பிரேக் கட்டை மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் ஃப்ரீவீல் போட்டால், ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் என்பது நாலரை மீட்டராகக் குறையும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறைந்தது. செங்குத்தான ஏற்றத்துக்கு இது போதாது. நடுத்தர ஏற்றத்தில் இறங்காமல் போகலாம். செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். மிதிவண்டிக் கடையில் அரை மணி நேர வேலை. முன் பிரேக்குக்கு நல்ல ரப்பர் கட்டை ஒரு ஜோடி.

ஃப்ரீவீலும் கட்டையும் வாங்கியாயிற்று. விடுதியில் என் பெட்டியில், செய்தித்தாளில் சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அந்த மாணவியின் வீட்டுக்குச் சொல்லியனுப்பி விட்டோம். அரையாண்டு விடுமுறையில் மலையூர் நண்பரும் நானும் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டப் போகிறோம். இம்முறை பம்பும் எடுத்துப் போக வேண்டும்.